திருகைத் தொடுமுன் பெட்டியைத் திருப்புங்கள்

பங்குனி மாதக் கடைசி. பிசான அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே, தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே அம்மன் கோயில் கொடை. முன்னிரவில் வில்லிசை முடிந்து, மெல்லிசைக் குழுவினர் மேடை ஏறியிருந்தார்கள். கிதார் வாசித்த இளைஞனின் காலுக்குப் பின்னால், பலகை மேடையின் மீதே, அவனுடைய பெருக்கிப் பெட்டி இருந்தது. இரண்டாவது பாட்டிலேயே தகராறு தொடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, என் கிதார் எனக்கே கேக்கல. இன்னும் கொஞ்சம் கூட்டிக்கிடுதேன்" என்றான் அவன்.

முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, "ஏலே, காது ரெண்டும் பொளந்துரும் போலிருக்கு, கொறைங்கலே!" என்று சத்தம் போட்டார். மேடைக்குப் பின்வீட்டுக்காரரும் வந்து நின்றார். அவர் மகளுக்கு மறுநாள் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு.

மைக் செட் வைத்திருந்த பெரியவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். அதன் மேல் மடித்த சாக்கு ஒன்றைப் போட்டார். பெட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்து, நாற்காலியின் முதுகில் சாய்த்து, அதன் முகம் இளைஞனின் தலையைப் பார்க்கும்படி திருப்பினார். "இப்ப வாசி, தம்பி." அவன் கம்பிகளை ஒரு முறை மீட்டினான்; திடுக்கிட்டுத் திரும்பினான். யாரும் சொல்லாமலே, ஏழில் இருந்த திருகை மூன்றுக்குக் கொண்டுவந்தான்.

ஆச்சி காதிலிருந்து கையை எடுத்தார். பின்வீட்டுக்காரரும் போய்விட்டார். பெட்டி அதே பெட்டி. கிதாரும் அதே கிதார். மாறியது பெட்டியின் இடமும் முகமும் மட்டுமே. இதில் என்ன பௌதிகம் இருக்கிறது என்று பார்ப்போம்.

குடமும் கூம்பும்

அன்று மாலை அதே மேடையில் நடந்த வில்லிசையை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். வில்லின் நாணை வீசுகோலால் தட்டினால் எழும் ஒலி தனியாகச் சிறியதுதான். மெல்லிய கயிறு காற்றை வெட்டிக்கொண்டு போகுமே தவிர, அதைத் தள்ளாது. எனவே வில்லைக் குடத்தின் மேல் கட்டுகிறார்கள். வில்லின் அதிர்வு குடத்தையும், குடத்துக்குள் இருக்கும் காற்றையும் அதிரச் செய்கிறது. பரந்த பரப்பு காற்றைத் தள்ளுவதால் ஒலி ஊர் மந்தை வரை கேட்கிறது. சாதாரணக் கிதாரின் மரப்பெட்டி செய்யும் வேலையும் இதுவே.

மின்கிதாருக்குக் குடமும் இல்லை, பெட்டியும் இல்லை. உடல் கெட்டி மரம். எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து மெல்லிய மின்னோட்டமாக்குகின்றன. பெருக்கி அதை வலுப்படுத்தி, காகிதத்தால் ஆன ஒரு கூம்பை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. கூம்பின் குறுக்களவு பொதுவாக 25 அல்லது 30 சென்டிமீட்டர். அந்த அளவில்தான் நம் கதையின் பாதி அடங்கியிருக்கிறது.

ஒலியின் வேகம் வெப்பநிலையோடு கூடும். 0 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடுதல். நெல்லைச் சீமையின் கோடையில் 350 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. கிதாரின் மிகத் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. 350ஐ 82ஆல் வகுத்தால் அலைநீளம் நாலேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு சிறிய அறையின் நீளம்! அதே கிதாரின் மேற்சுரங்களில் 3,500 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் உள்ளவை உண்டு. 3,500 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 10 சென்டிமீட்டர்தான். சுரத்துக்குத் தெளிவையும் மினுமினுப்பையும் தருபவை இந்தக் குட்டை அலைகளே.

அலையை எழுப்பும் பரப்பு, அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் அலை எல்லாத் திசையிலும் பரவும். பரப்பு பெரியதாக இருந்தால் அலை நேர்முன்னே ஒரு கற்றையாகச் செல்லும். 30 சென்டிமீட்டர் கூம்புக்கு, நாலு மீட்டர் அலை எங்கும் பரவக்கூடிய ஒன்று. பெட்டிக்குப் பின்னாலும் வளைந்து போகும். ஏறத்தாழ 1,200 ஹெர்ட்ஸில் அலைநீளமும் கூம்பும் ஒரே அளவாகின்றன. அதற்கு மேலே போகப்போக ஒலி, டார்ச் விளக்கின் வெளிச்சம் போல நேர்முன்னே குவிகிறது. 3,500 ஹெர்ட்ஸில் பெரும்பகுதி ஒலி, நேர்க்கோட்டிலிருந்து இரு புறமும் சுமார் 30 பாகைக்குள் அடங்கிவிடும்.

இப்போது இளைஞனின் காதைத் தேடுவோம். கூம்பின் மையம் மேடையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில். அவன் காது 155 சென்டிமீட்டர் உயரத்தில். அவன் ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறான். உயர வித்தியாசம் 1.25 மீட்டர், கிடைத்தூரம் 1 மீட்டர். டேன்ஜென்ட் 1.25 உள்ள கோணம் சுமார் 51 பாகை. ஆக, கிதாரின் தெளிவெல்லாம் அவன் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் காது ஏது? அவனுக்குக் கிடைத்தது மழுங்கிய அடிச்சுரம் மட்டும். 'கேக்கல' என்று அவன் சொன்னது பொய்யல்ல.

ஆச்சியின் பங்கு என்ன? மேடையின் உயரம் ஒரு மீட்டர். அதன் மேல் 30 சென்டிமீட்டரில் கூம்பு. தரையிலிருந்து 1.3 மீட்டர். நாற்காலியில் அமர்ந்தவரின் காது ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கும். கற்றையின் நடுப்பகுதி நேராக ஆச்சியின் செவியில் பாய்ந்துகொண்டிருந்தது! வாசிப்பவன் தனக்குக் கேட்கவில்லை என்று கூட்டக் கூட்ட, தண்டனை அவருக்கு. பெட்டியை நிமிர்த்திச் சாய்த்ததும் கற்றை அவன் தலைக்கு வந்தது. அவன் தன் கிதாரை முதன்முறையாக ஆச்சி கேட்டது போலவே கேட்டான்.

வாட் என்னும் மயக்கம்

கேட்காவிட்டால் பெரிய பெருக்கி வாங்கிவிடலாம் என்று இசைக்குழுவில் சேரும் மாணவர்கள் நினைப்பதுண்டு. இதில் நம் செவி நமக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறது. மின்திறனை இருமடங்காக்கினால், அதாவது 50 வாட்டை 100 வாட் ஆக்கினால், ஒலி 3 டெசிபல்தான் கூடும். அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று உணரத்தக்க அளவு. செவிக்கு 'இருமடங்கு' என்று தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும்.

தூரமோ இதைவிட வலியது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். இதைத் திருப்பிப் படியுங்கள். பெட்டி இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதை விட்டு ஒரு மீட்டருக்கு வந்தால், வாசிப்பவனுக்கு 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது. முன்பு கேட்ட அளவே போதும் என்றால், மின்திறனை நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம். மற்ற எல்லோருக்கும், பின்வீட்டுப் பெண் உட்பட, 6 டெசிபல் குறைகிறது. அந்த வீட்டுக்குப் போனது பெரும்பாலும் வளைந்து செல்லும் அடிச்சுரம். அதைப் பெட்டியைத் திருப்பித் தடுக்க முடியாது. திருகைக் குறைத்தால்தான் குறையும். திருகைக் குறைக்க மனம் வர வேண்டுமானால் வாசிப்பவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

உலகப் புகழ்பெற்றவர்களுக்கும் இந்தச் சங்கடம் வந்ததுண்டு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷியா விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் சுமார் 55,000 பேர் முன் வாசித்தார்கள். வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்காக 100 வாட் பெருக்கிகளைச் செய்து தந்திருந்தது. ரசிகர்களின் கூச்சலில் வாசித்தவர்களுக்குத் தங்கள் வாசிப்பே கேட்கவில்லை. அன்று மேடையில் வாசிப்பவர்களை நோக்கி வைத்த ஒலிபெருக்கிகள் இல்லை. பிற்பாடு அப்படிப்பட்டவை எல்லா மேடைகளுக்கும் வந்துவிட்டன. பாடகரின் காலடியில் சாய்வாக, கூட்டத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கும் கறுப்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அவைதாம். நாற்காலியில் சாய்த்த பெட்டி செய்த வேலையும் அதேதான்.

கூட்டம் பெரிதாக இருந்தால் பெட்டியின் முன் ஒரு சிறு மைக்கை வைத்து, மேடைக்கு வெளியே நிற்கும் பெரிய ஒலிபெருக்கிகள் வழியாகக் கிதாரைக் கொடுக்கலாம். கூட்டத்துக்குக் கொடுப்பது அவற்றின் பொறுப்பு. மேடைப் பெட்டி வாசிப்பவருக்கு மட்டும். ஒரே எச்சரிக்கை: பாடகரின் மைக், பெட்டியின் கற்றைக்குள் வரக்கூடாது. வந்தால் பெட்டியின் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் புகுந்து, 'கீ' என்று ஊளையிடும்.

மேடையே ஒரு குடம்

அடுத்து, மடித்த சாக்கு. அதை எதற்குப் போட்டார்? கொடை மேடைகள் பெரும்பாலும் பீப்பாய்களின் மேலோ மரக்கால்களின் மேலோ பலகை பரப்பிக் கட்டப்படுகின்றன. மேலே பலகை, கீழே அடைபட்ட காற்று. வில்லிசைக் குடத்தை இப்போது மறுபடி நினையுங்கள்! பெட்டியைப் பலகை மேல் வைத்தால், வில்லைக் குடத்தில் கட்டியது போலாகிவிடும். மேடையின் சொந்த அதிர்வெண்ணுக்கு அருகில் இருக்கும் அடிச்சுரங்கள் எல்லாம் 'டும் டும்' என்று ஒரே மாதிரி முழங்கும். வில்லிசைக்கு அழகு சேர்க்கும் ஒத்ததிர்வு, கிதாருக்குக் கேடு. நாற்காலியும் சாக்கும் பெட்டியின் அதிர்வு பலகையில் இறங்காமல் தடுக்கின்றன. தடித்த கயிற்றுப் பாய், ரப்பர் விரிப்பு எதுவும் உதவும்.

சுவர்களும் இப்படித்தான் குறுக்கே வரும். நடுவெளியில் தொங்கும் ஒலிபெருக்கியின் அடிச்சுரம் எட்டுத் திக்கும் பரவும். தரையில் வைத்தால் கீழ்ப்பாதி மேலே திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். பின்னால் சுவர் ஒன்று இருந்தால் இன்னும் சேரும். அறை மூலையில் வைத்தால் தரை, இரு சுவர்கள் என மூன்றும் சேர்த்துத் தரும். ஒவ்வொரு பரப்பும் அடிச்சுரத்தை அதிகபட்சம் 6 டெசிபல் வரை கூட்டலாம். மேற்சுரம் ஏற்கெனவே முன்னோக்கியே செல்வதால் அதற்கு இந்தக் கூடுதல் கிடைக்காது. விளைவு: மூலையில் வைத்த பெட்டி, குடத்துக்குள் பேசுபவர் போலக் கேட்கும். வீட்டில் சிறிய பெட்டியை வைத்துப் பழகுபவருக்கு மூலை கொஞ்சம் உதவவும் கூடும். திருகைக் கூட்டாமலே அடிச்சுரம் நிறைவாகக் கிடைக்கும். மேடைக்கும் அரங்குக்கும் மூலை ஆகாது.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? இங்கே ஒரு கணக்கு. பின்பக்கம் மூடிய பெட்டியின் கூம்பு, சுவரிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பின்னோக்கி வளைந்து போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேரே முன்னால் போகும் அலையைவிட இரண்டு மீட்டர் அதிகம் பயணம் செய்கிறது. நாலு மீட்டர் அலைநீளமுள்ள சுரத்துக்கு இது அரை அலை. முகடும் அகடும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாலு மீட்டர் அலையின் அதிர்வெண் 87 ஹெர்ட்ஸ். கிதாரின் தடித்த கம்பிக்கு மிக அருகில்! அந்த ஒரு கம்பி மட்டும் சோர்ந்து ஒலிக்கும். கம்பி பழசாகிவிட்டது என்று புதுக்கம்பி வாங்கக் கடைக்கு ஓடுபவர்களும் உண்டு. பெட்டியை அரை மீட்டர் முன்னோ பின்னோ நகர்த்திப் பார்ப்பது மலிவு.

காலி அரங்கும் நிறைந்த அரங்கும்

திறந்த வெளியை விட்டு அரங்குக்குள் நுழைவோம். பாளையங்கோட்டையில் 1826இல் ரேனியஸ் பாதிரியார் காலத்தில் எழுந்த தூய திரித்துவப் பேராலயத்தை 'ஊசிக் கோபுரம்' என்றே ஊரார் அழைப்பார்கள். அவ்வூரில் ஆலயங்களும் பழைய பள்ளி அரங்குகளும் நிறைய. பாடகர் குழுக்களில் கிதார் வாசிக்கும் மாணவர்களும் நிறைய. உயர்ந்த கூரை, சுண்ணாம்பும் சிமென்டும் பூசிய சுவர் இருந்தால் ஒலி உடனே மறையாது. பட்டுப் பட்டுத் திரும்பி, சிறுகச் சிறுகத் தேயும். இதுவே எதிர்முழக்கம்.

இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாலஸ் சபைன். 1895இல், அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் ஆசிரியர் பேசுவது புரியவில்லை என்ற புகார் வந்தது. ஒரு சொல் சுமார் ஐந்தரை விநாடி அங்கே சுழன்றுகொண்டிருந்தது! சபைன் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஊர் உறங்கிய நள்ளிரவுகளில் ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அவர் கண்ட விதி எளியது: அரங்கின் கன அளவை (கன மீட்டரில்) 0.16ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்தால் எதிர்முழக்க நேரம் விநாடிகளில் கிடைக்கும்.

உங்கள் பள்ளி அரங்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கன அளவு 1,000. சுவர், தரை, கூரை சேர்த்து 700 சதுர மீட்டர். சிமென்டுப் பூச்சு தன் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்குதான் உறிஞ்சும் என்றால், உறிஞ்சும் பரப்பு 21. நேரம் 160 வகுத்தல் 21. ஏழரை விநாடிக்கு மேல்! அதே அரங்கில் 300 மாணவர்கள் வந்து அமரட்டும். ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் உறிஞ்சுவார். மொத்தம் 171. நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. மாணவர்களும் அவர்களின் சட்டைகளுமே சபைனின் மெத்தைகள்.

மதியம் காலி அரங்கில் வைத்த திருகு மாலையில் பொருந்தாமல் போவது இதனால்தான். காலி அரங்கின் முழக்கத்தில் ஒன்றும் புரியாமல் வாசிப்பவர் கூட்டுவார். ஆனால் முழக்கமுள்ள இடத்தில் திருகைக் கூட்டினால் தெளிவும் கூடும், குழப்பமும் அதே அளவு கூடும், வித்தியாசம் மாறாது. பெட்டியைக் காதருகே கொண்டுவந்து கேட்பதே வழி. ஒத்திகையில் பத்து நண்பர்களையாவது உட்கார வைத்து, நீங்களே கடைசி வரிசைக்கு நடந்து போய் வேறொருவரை மீட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒத்திகையில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

ஆற்றைத் தாண்டும் சத்தம்

அக்கரை ஊரில் நடக்கும் கொடையின் பாட்டு, பகலில் காதில் விழாமல், இரவில் சொல் சொல்லாகக் கேட்பதை ஆற்றங்கரைவாசிகள் அறிவார்கள். இரவின் அமைதி ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்றின் வெப்பம். வெயிலில் தரையருகே காற்று சூடாகவும், மேலே குளிர்ச்சியாகவும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால் அலைமுகம் மேல்நோக்கி வளைந்து, தூரத்து ஊரின் தலைக்கு மேலே போய்விடும். சூரியன் மறைந்தபின் தரையும் வயலும் சீக்கிரம் குளிர்கின்றன. மேலே உள்ள காற்று அந்த அளவு குளிர்வதில்லை. இப்போது அலை கீழ்நோக்கி வளைந்து, மேலே தப்பிப் போயிருக்க வேண்டிய ஒலியையும் தரைக்கே கொண்டுவருகிறது. மாலை ஐந்து மணிக்குச் சரிபார்த்த அளவு, இரவு பத்து மணிக்கு அக்கரைக்கு அதிகம். ஆடிக் கொடையானால் மேல்காற்று வேறு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே வரும் காற்று ஒலியைக் கிழக்கே உள்ள ஊர்களுக்கு அள்ளிக்கொண்டு போகும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது அளவு. அந்த இரவு நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். ஒரு மீட்டரில் 100 டெசிபல் தரும் பெட்டி, தடையில்லாத வெளியில் 55க்கு இறங்க எத்தனை மீட்டர் வேண்டும்? தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஆறைக் கழித்துப் பாருங்கள். 128 மீட்டரிலும் அது 58!

பெட்டிக்கு மிக அருகில் இருப்பது வாசிப்பவரின் காதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 85 டெசிபலை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு பொதுவான அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உட்செவியின் நத்தை எலும்பில் உள்ள மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. கச்சேரி முடிந்து படுத்தபின் காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் கேட்டால், அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். பெட்டியைக் காதருகே, காதை நோக்கி வைத்துவிட்டு, திருகை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது எல்லாவற்றிலும் மோசம். சாய்த்தவுடன் திருகைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மெல்ல ஏற்ற வேண்டும்.

கிதார் இல்லாதவர்களும் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வானொலிப் பெட்டியில் பாட்டு வைத்துத் தரையில் வையுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள்; பிறகு அதே தூரத்தில் குனிந்து, காதைப் பெட்டியின் நேர்முன்னே கொண்டுவந்து கேளுங்கள். ஜால்ராவும் 'ச', 'ஸ' ஒலிகளும் எங்கே தெளிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே பெட்டியை அறை மூலைக்கு நகர்த்துங்கள். கடைசியாக, செல்பேசியில் பாட்டு வைத்து, அதை ஒரு வெறும் மண்குடத்தில் நூலால் கட்டி இறக்குங்கள். ஒரு சுரத்துக்கு மட்டும் குடம் உரத்துப் பதில் சொல்லும். அந்தக் குடத்தின் வாய்க்குள் ஒரு பழந்துணியைத் திணித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.